அளவு அண்ணாச்சி

பதினெட்டு அடி என்று திரை சொல்கிறது. ராஜரத்தினம் நம்பவில்லை. எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்துகிறார், பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி உட்கார்கிறார், மவுஸைப் பிடித்து அந்தக் கண்ணாடி போன்ற அளவுகோலை மெள்ள நகர்த்தித் திரையின் அடியில் கிடக்கும் பட்டையின் மேல் வைக்கிறார். இடது ஓரம் சேர்ந்ததா என்று மூக்கு இடிக்காத குறையாகக் குனிந்து பார்க்கிறார். கணினிக்குள் உருளப்போகிற கோல்ஃப் பந்தை விசிறிக் காற்று என்ன செய்துவிடும் என்று கேட்டால், "காத்துக்கு இல்ல, கவனத்துக்கு" என்பார். தி. நகரில் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. கழுத்திலிருந்து வியர்வை ஒழுகிக்கொண்டிருக்கும். அதைத் துடைக்கவும் மாட்டார்.

செவ்வாய் அவருக்கு வார விடுமுறை. மற்ற ஆறு நாளும் உஸ்மான் ரோட்டு ஜவுளிக்கடை ஒன்றில் இரண்டாம் மாடி கட்பீஸ் பிரிவு அவர் பொறுப்பு. ஐம்பத்தேழு வயது, சாத்தான்குளத்துக்காரர், சென்னைக்கு வந்து முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் அவர் வெட்டிக் கொடுத்த துணி நாலு விரல் குறைகிறது என்று ஒரு ஆளாவது படியேறி வந்ததில்லை. இதை அவரே சொல்லிக்காட்டுவார், கேட்காவிட்டாலும். இரும்பு மீட்டர் கம்பியைத் தொடாமல், கையை விரித்து மார்புக்கு இழுத்து அளக்கிற விற்பனையாளரைக் கண்டால் அவருக்கு ஆகாது. "கண்ணால அளக்கணும்னா கடைய மூடிட்டு ஜோசியம் பாக்கப் போவலாம்" என்பார், வாடிக்கையாளர் காதிலும் விழும்படி.

இப்படிப்பட்டவருக்கு கோல்ஃப் எப்படி வாய்த்தது? கொரோனாவில் கடை பூட்டிக் கிடந்த மாதங்களில் பில் கவுண்டர் நந்தகுமார் தொடங்கிவைத்த வேலை அது. கணினியிலேயே ஆடும் கோல்ஃப். உலகத்தில் யாரும் யாரோடும் ஆடலாம். கடை திறந்த பிறகும் பழக்கம் விடவில்லை. துணிக்கடையில் எட்டுப் பேரும் பக்கத்துப் பாத்திரக்கடையில் நாலு பேரும் சேர்ந்து ஒரு சங்கமே வைத்துவிட்டார்கள். பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட நிஜ மட்டையைக் கையால் தொட்டதில்லை. கிண்டி ரேஸ் கோர்ஸ் மதிலுக்கு அந்தப் பக்கம் நிஜத் திடலே இருக்கிறதாமே, ஒரு நாள் எட்டிப் பார்ப்போமா என்று யாரோ கேட்டதற்கு ராஜரத்தினம், "அங்க போயி என்னத்த அளக்க?" என்றார்.

தூரத்திலிருந்து பந்தை விளாசுவது எல்லாருக்கும் வரும். குழியின் பக்கத்தில் வந்த பிறகு தள்ளுகிற கடைசித் தட்டில்தான் ஆட்டமே இருக்கிறது. திரையின் அடியில் ஒரு நீளப் பட்டை. அதில் ஒரு முள் இடமிருந்து வலமாக ஓடும். பட்டை முழுதும் முப்பது அடி என்றால், பதினெட்டு அடிக்கு முள் எந்த இடத்துக்கு வரும்போது அழுத்துவது? பட்டையில் கோடு கிடையாது. எல்லாரும் குத்துமதிப்பாக அழுத்துவார்கள். குத்துமதிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே ராஜரத்தினத்துக்கு உடம்பு அரிக்கும். தையல் டேப்பில் ஒரு துண்டு வெட்டித் திரையில் ஒட்டிப் பார்த்தார். புழுக்கத்தில் பசை விட்டுச் சுருண்டு விழுந்தது. பிறகு நந்தகுமார்தான் திரையிலேயே மிதக்கிற ஓர் அளவுகோலை எங்கிருந்தோ இறக்கிப் போட்டுக் கொடுத்தான். முப்பது கோடு போட்டது. பின்னால் இருப்பது தெரியும். மவுஸால் எங்கே வேண்டுமானாலும் இழுத்து வைக்கலாம். அன்று ராஜரத்தினம் அவனுக்கு இரண்டு சமோசா வாங்கிக் கொடுத்தார். அவர் யாருக்காவது எதையாவது வாங்கிக் கொடுத்ததாக அதற்கு முன் கடையில் தகவல் இல்லை.

அதற்குப் பிறகு அவர் தட்டினால் விழும். தரையின் வேகத்துக்கு அவரிடம் ஒரு ஜவுளிக் கணக்கு இருந்தது. "இது காட்டன் தரை, சுருங்கும், ரெண்டு கோடு கூட வையி. அது பாலியஸ்டர், வழுக்கும், ஒரு கோடு கொறை." மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாத்திரக்கடைக்காரர்கள் படியேறி வந்து யோசனை கேட்டுப் போனார்கள். அளவு அண்ணாச்சி என்று பெயரும் வந்தது. அப்படிக் கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி நடப்பார். இன்னொரு தரம் கூப்பிடட்டுமே என்றுதான்.

மனைவி சண்முகவடிவு இதையெல்லாம் கீரை ஆய்ந்துகொண்டே ஒரு வருடம் பார்த்தாள். "என்னத்தத்தான் இப்படி அளக்கீயளோ" என்பதோடு சரி. ஒரு செவ்வாய்க்கிழமை அவர் தட்டப் போகிற சமயம் பார்த்து கேஸ் சிலிண்டர் வந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் நேரக்கெடு உண்டு. "வடிவு, நேரம் போவுது, சும்மா ஒரு அழுத்து அழுத்து!" என்று வாசலிலிருந்து கத்தினார். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து அழுத்தினாள். இருபத்தேழு அடித் தொலைவு. பந்து வழி கேட்டுப் போகிறது போலப் போய்க் குழியில் விழுந்தது. சிலிண்டர்காரரிடம்கூடச் சொல்லி ராஜரத்தினம் சந்தோஷப்பட்டார். அவள் ஆட்டத்தைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் தாரணி, போனிலேயே வழி சொல்லி அம்மாவுக்கும் சங்கத்தில் தனிப் பெயர் பதிந்து கொடுத்தாள். ராஜரத்தினம் பெருந்தன்மையோடு அளவுகோலை எப்படி வைப்பது என்று காட்டினார். அவள் இரண்டு தட்டுக்கு வைத்துப் பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளினாள். "கோட்டப் பாத்துக்கிட்டு இருந்தா முள்ளு ஓடிப் போவுது. நான் எண்ணிக்கிடுதேன்" என்றாள். எண்ணுவதா? எண்ணுவதுதான். அந்த வீட்டுக்கு மெட்ரோ தண்ணீர் விடியற்காலை ஐந்து மணிக்குக் கீழே கைபம்பில் வரும். இருபது வருடமாக அதை அடிக்கிறவள் அவள். "கொடம் ரொம்பிச்சான்னு எட்டி எட்டியா பாக்கேன்? இருவத்தி ரெண்டுன்னா ரொம்பிரும்." முள் ஓடத் தொடங்கியதும் அவள் வாய்க்குள் எதையோ எண்ணுவாள், ஏதோ ஓர் எண்ணில் விரல் அழுந்தும். எத்தனை அடிக்கு எந்த எண் என்று அவர் மூன்று தரம் கேட்டார். "அத எப்படிச் சொல்ல? வருது" என்றாள். மறைக்கிறாள் என்றே அவர் முடிவுகட்டினார்.

இரண்டே மாதத்தில் சங்கப் பட்டியலில் அவள் பெயர் மேலே போய்விட்டது. சாப்பாட்டு அறையில் போனைத் திறந்தால் முதலில் தெரிவது வடிவு, அதற்கு அடுத்த வரியில் ராஜரத்தினம். அவள் கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதத்தை அவள் பெயருக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. நந்தகுமார் வேறு சும்மா இருக்க மாட்டான். "அண்ணாச்சி, அண்ணி இன்னாமா போடுறாங்கோ! ஸ்கேலும் இல்ல, ஒண்ணும் இல்ல, வெளாட்டா போட்டுக்கினே போறாங்கோ." "எல்லாம் அதிர்ஷ்டம்" என்பார் இவர். சாயங்காலம் வீட்டுக்குப் போய், சாதத்தில் உப்பு இல்லை என்பார்.

பொறாமை என்று சொன்னால் சண்டைக்கு வருவார். அளவில்லாமல் செய்கிற வேலை நிலைக்காது, அந்தக் கவலைதான் தனக்கு என்பார். ஆனால் அவள் தட்டு தவறும்போது "அடடா" என்று உச்சுக்கொட்டுகிற அவர் நெஞ்சு குளிர்ந்துபோகும். விழுந்தால் வயிறு எரியும். சோறு இறங்காது. ரவிக்கைக்கு எத்தனை சென்டிமீட்டர் எடுக்க என்று முப்பது வருடமாக அவரைக் கேட்டே துணி எடுத்தவள். இன்று அவரிடம் ஒன்றுமே கேட்காமல் ஜெயித்துக்கொண்டிருக்கிறாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

போன மாதம் வெளியூர்ச் சங்கங்களோடு ஒரு போட்டி வந்தது. அணிக்கு நாலு பேர். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நாலாவது இடம் அண்ணாச்சிக்கா, அண்ணிக்கா என்று வந்து நின்றது. நந்தகுமார் கையைக் கழுவிக்கொண்டான். "வூட்லயே ஆடி முட்ச்சிக்கோங்க அண்ணாச்சி. செவ்வாக்கெழம ஒம்போது குழி. யாருக்குக் கம்மியா வருதோ அவுங்க உள்ள." கோல்ஃபில் குறைந்த தட்டில் முடிப்பவருக்குத்தான் வெற்றி. தோற்றால் புதன்கிழமை எந்த முகத்தோடு கடைப் படி ஏறுவது? அளவு அண்ணாச்சியை அவர் வீட்டுக்காரி அளக்காமலே கவிழ்த்துவிட்டாள் என்று பாத்திரக்கடை வரைக்கும் சிரிப்பார்கள். திங்கட்கிழமை ராஜரத்தினம் ஒரு வாடிக்கையாளருக்குப் பத்து சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் ஒரு கணினிதான். சமையல் கிடக்கிறது என்பதால் அவள் முதலில் ஆடுவதாக ஏற்பாடு. மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுத்துவர அவள் போனாள். அவர் திரைக்கு முன்னால் தனியாக இருந்தார். அந்த அளவுகோலில் ஒரு சங்கடம் உண்டு. திரை நூறு சதவீதத்தில் இருந்தால்தான் பட்டையும் கோலும் பொருந்தும். திரையைப் பெரிதாக்கினால் பட்டை நீண்டுவிடும், கோல் நீளாது, கணக்கு அத்தனையும் தப்பு. ஒரு நாள் கை தவறிப் பெரிதாகிப் போனது தெரியாமல் ஒன்பது குழியையும் கோட்டைவிட்டவர் அவர். தன்னைக் கவிழ்த்தது அவளையும் கவிழ்க்கும் என்று தோன்றியது. தோன்றியதும் கை போய்விட்டது. இரண்டு பொத்தான்களைச் சேர்த்துத் தட்டினார். மறுபடியும் தட்டினார். மூன்று தரமா, நாலு தரமா என்று அவருக்கே நினைவில்லை. திரும்பினால் சண்முகவடிவு துணிக்குவியலோடு வாசலில் நின்றாள், எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"என்ன செய்யுதீய?"

"ஒண்ணுமில்ல. கீபோர்டுல தூசி."

அவள் உட்கார்ந்தாள். அவர் பால்கனியில் பேப்பரை விரித்துக்கொண்டு, காதை உள்ளே வைத்துக்கொண்டு நின்றார். முதல் குழிக்கே குரல் வந்தது. "ஏங்க, இந்தப் புல்லுல சின்னச் சின்ன மணியா ஓடுதே, இது எப்பமும் ஓடுமா?" சரிவு எந்தப் பக்கம் என்று காட்டுகிற புள்ளிகள் அவை. எப்போதும் ஓடுபவைதான். வெள்ளெழுத்து விழுந்த அவள் கண்ணுக்கு அன்றுதான் தெரிந்தன. இத்தனை நாளும் சரிவே தெரியாமலா தன்னை ஜெயித்தாள் என்று நினைத்ததும் ராஜரத்தினத்துக்குப் பேப்பர் கையில் கசங்கியது. பட்டை நீண்டதும் அவளை ஒன்றும் செய்யவில்லை. முள் ஓடி முடிக்கிற நேரம் பழைய நேரம்தான். அவள் எண்ணிக்கை அதே எண்ணிக்கைதான். ஒன்பது குழியை முப்பத்தொன்றில் முடித்தாள். ராஜரத்தினத்துக்கு நல்ல நாளில் முப்பது வரும்.

முடித்த கையோடு நந்தகுமாரைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். "தம்பி, இன்னைக்கு எல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. எனக்குக் கண்ணு தெரியலன்னு அவுகதான் பெருசாக்கி வச்சிருந்தாக."

"இன்னா அண்ணி சொல்றீங்கோ! எதிர்ல ஆடுற ஆளுக்கே கண்ணு குட்த்துக்கீறாரா? அண்ணாச்சி, மன்சன்னா நீதான் அண்ணாச்சி!"

ராஜரத்தினம் கசங்கிய பேப்பரைக் கைப்பிடிச் சுவரில் வைத்து நீவிக்கொண்டிருந்தார்.

அவர் முறை வந்தது. வழக்கமாக அடுப்படிக்குப் போய்விடுகிறவள், அன்று ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவர் மாட்டிக்கொண்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஜெயிக்க வேண்டுமானால் திரையைச் சின்னதாக்க வேண்டும். அவளுக்காகப் பெரிதாக்கினார் என்று இப்போதுதான் ஊருக்கே சொல்லியிருக்கிறாள். அவள் கண்ணெதிரில் எப்படிச் சின்னதாக்குவது? அப்படியே ஆடினார். பதினாலு அடிக்குப் பதினாலாவது கோட்டில் அழுத்தினார். பந்து பாதி வழியில் நின்றுவிட்டது. அடுத்ததில் கோடு பார்ப்பதையே விட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாகக் குத்துமதிப்பாக அழுத்தினார். பந்து குழியைத் தாண்டிப் புல்லின் அந்தக் கரைக்குப் போனது. "மெதுவா, மெதுவா" என்றாள் சண்முகவடிவு. அந்தக் கரிசனம் அவருக்கு நெருப்பாகச் சுட்டது. நாலு குழி முடிந்தபோது, இனி ஒன்றைத் தவறவிட்டாலும் இடம் அவளுக்குத்தான் என்ற நிலை.

ஐந்தாவது குழிக்குப் பதினாறு அடி. அளவுகோலை இழுத்து வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பட்டை அதைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நேரம் குறைந்துகொண்டே வந்தது. அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

சண்முகவடிவு ஸ்டூலை விட்டு எழுந்தாள். அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, இரண்டு பொத்தான்களைச் சேர்த்துத் தட்டினாள். திரையை அவள் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம், நாலு தரம். அதோடு கையை எடுத்துவிட்டாள். பட்டை சுருங்கி வந்து அளவுகோலோடு ஓரத்துக்கு ஓரம் பொருந்தி நின்றது.

"இப்ப அளங்க" என்றாள்.