கரடி வேஷத்துக்கு வந்தவர்

சண்டை ஓய்ந்தபின் சாவகச்சேரியில் கார்னிவல் நடத்தியபோது, கரடி வேஷத்துக்கு ஆள் தெரிவுசெய்யும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்கு அதைவிடப் பெரிய பதவி கிடைக்குமா?

கடைசியாக வந்தவர் கன்னம் ஒட்டி, ஈர்க்கு மாதிரி இருந்தார்.

“அண்ணை, உந்த உடம்பைக் கரடியெண்டு சொன்னால் அணில்கூட நம்பாது.”

“தலையணை கட்டுறன் தம்பி. என்ரை சின்ன மகள் கனநாளாச் சிரிக்கேல்லை. இதைப் பார்த்தெண்டாலும் சிரிப்பாள்.”

சாக்கில் தைத்த கரடியை மாட்டிக்கொண்டு ஆடினார். வேடிக்கை பார்த்த பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அப்போது தூரத்தில் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. கரடி தொப்பென்று குப்புற விழுந்து, தன் சாக்குக் காதுகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டது. பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். நானும்தான்.

“நீங்கள்தான் அண்ணை கரடி! விழுந்தீங்களே, கார்னிவலிலையும் அதைத்தான் செய்யவேணும்.”

அவர் கரடித் தலையைக் கழற்றினார். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

“அது நடிப்பில்லை தம்பி. ஹெலி வந்து சுட்ட நாளிலையிருந்து, அந்தச் சத்தம் கேட்டால் மகளும் உப்பிடித்தான் விழுறவள். அதைப் பார்த்து அவள் சிரிக்கமாட்டாள்.”

தலையை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டார்.

கார்னிவலில் வேறொருவன் கரடியாக ஆடினான். நான் கூட்டத்துக்குள் சிரிக்காத ஒரு சிறுமியைத் தேடிக்கொண்டிருந்தேன்.