அண்ணன் முகத்தில் ஒரு ஸ்டிக்கர்

போனில் துப்பாக்கி விளையாட்டு ஒன்றைச் சேர்ந்து ஆடுவதற்காக ஆரம்பித்த குரூப் அது. மதுரை, கோவை, சென்னை என்று எங்கெங்கோ இருப்பவர்கள். திருவண்ணாமலையிலிருந்து நான் ஒருவன்தான். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் யார் எங்கே ஒளிவான், யார் முதலில் செத்துத் தொலைவான் என்பதெல்லாம் அத்துப்படி. பௌர்ணமி அன்று மட்டும் எனக்கு ஆட்டம் கிடையாது. கிரிவலக் கூட்டத்தில் டவர் திணறும், கேம் திறக்கவே திறக்காது. "சாமி லீவு" என்று கிண்டல் செய்வார்கள்.

ஆட்டம் முடிந்தால் அரட்டை. எந்த நாட்டில் சண்டை, எந்தக் கட்சி யாரோடு சேரும், எல்லாவற்றுக்கும் அங்கே தீர்ப்பு ரெடியாக இருக்கும். கிரிவலப் பாதை ஓரக் கடைகளை எடுக்கப் போகிறார்கள் என்ற செய்திக்கும் தீர்ப்பு சொன்னார்கள். வருஷத்துக்கு ஒருமுறை காரில் வந்துபோகிற ஒருவன், "எல்லாத்தையும் தூக்கணும் ப்ரோ, நடக்கவே முடியல" என்று எழுதினான். கைதட்டல்கள் குவிந்தன. அதே பாதையில், அடி அண்ணாமலையில் என் அண்ணன் கரும்பு ஜூஸ் கடை வைத்திருந்தான். புறம்போக்கு இடம்தான், அது எங்களுக்கும் தெரியும். "அவங்களும் மனுஷங்கதான்" என்று மட்டும் எழுதினேன். "ரொம்ப ஃபீல் பண்ணாதீங்க ப்ரோ" என்று பதில் வந்தது.

பௌர்ணமிக்கு முதல் நாள் கடைகளை எடுத்தார்கள். அண்ணன் ஜூஸ் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இத்த மட்டும் உட்ருங்க சார்" என்று அழுதான். உட்டார்கள். அதை யாரோ வீடியோ எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் முழுக்க சிக்னல் இல்லை. அதற்கு அடுத்த நாள் குரூப்பைத் திறந்தால் அண்ணனின் முகம். அழுகையில் கோணிப்போன வாய், கீழே "உட்ருங்க சார்". எவனோ ஸ்டிக்கர் செய்திருந்தான். ஆட்டத்தில் குண்டடி பட்டு விழுகிறவனெல்லாம் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் போனில் அண்ணனும் அதைப் பார்த்துவிட்டான். "உன் ஃபிரண்ட்ஸ் தானடா, எடுக்கச் சொல்லு. ஸ்கூல்ல என் பொண்ணுகிட்ட காட்டிக் காட்டிச் சிரிக்கிறாங்களாம்" என்றான். அவன் என்னிடம் எதையும் கேட்கிற ஆளே இல்லை.

"அது என் கூடப்பிறந்த அண்ணன், தயவுசெய்து எடுத்துடுங்க" என்று குரூப்பில் எழுதினேன். ஒருவன், "செம்ம ப்ரோ, அப்போ ஃபுல் வீடியோ இருக்கா?" என்று கேட்டான். திட்டித் தீர்த்தேன். அட்மின் வந்து, "கேம் குரூப்ல அரசியல் வேணாம்னு ரூல் இருக்கு" என்று சொல்லி என் பதிவுகளை அழித்தான். ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. உலகச் சண்டைகளையெல்லாம் அலசியபோது எந்த ரூலும் இல்லை. என் அண்ணன்தான் அவர்களுக்கு அரசியல். வெளியே வந்துவிட்டேன். ஸ்டிக்கர் அதற்குள் எந்தெந்த குரூப்புக்கெல்லாமோ போய்விட்டிருந்தது.

இப்போது அண்ணன் அதே மெஷினைத் தள்ளுவண்டியில் வைத்து, நிற்கவிடுகிற இடத்தில் நிற்கிறான். போன பௌர்ணமி சாயங்காலம் ஐஸ் கொடுக்கப் போயிருந்தேன். சென்னைப் பக்கத்து இளைஞர்கள் சிலர் அவனை அடையாளம் கண்டுகொண்டார்கள். "அண்ணா, அதே மாதிரி ஒரு தடவை பண்ணுங்கண்ணா, எல்லாரும் ஜூஸ் குடிக்கிறோம்" என்று போனைத் தூக்கினார்கள். நான் அடிக்கிற மாதிரி முன்னால் போனேன். அண்ணன் என் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டான். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான், மெஷினைக் கட்டிப்பிடித்தான், வாயைக் கோணினான். "உட்ருங்க சார்." எந்தப் பக்கம் வெளிச்சம் விழும் என்று பார்த்து, அவர்கள் சொல்லாமலே முகத்தைத் திருப்பினான். அவன் இதைச் செய்வது முதல் தடவை இல்லை.