அப்பா பெயரில் போன என் வரி

வேலைக்குச் சேர்ந்த அன்று கணக்காளர் எங்கள் ஐந்து பேரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "பான் கார்டு இருக்கா?"

யாரிடமும் இல்லை. மூன்றாம் ஆண்டு பொறியியல் படிக்கிறவர்களுக்கு அதுவரை அது தேவைப்படவில்லை. அவர் மூன்று பையன்களைப் பார்த்து, "ஆன்லைன்ல போட்டா உடனே வந்துடும்பா, போட்டுட்டு நம்பர் குடுங்க" என்றார். பிறகு என்னையும் என் வகுப்புத் தோழியையும் பார்த்தார். "உங்களுக்கு எதுக்கும்மா? கல்யாணம் ஆனா இனிஷியல் மாத்தணும், பேரை மாத்தணும், ரெண்டு வேலை. அப்பாவோட நம்பரைக் குடுத்துடுங்க."

கொடுத்தோம். அவர் உதவி செய்வதுபோலத்தான் சொன்னார். நம்பர் இல்லாவிட்டால் சம்பளத்தில் இருபது சதவீதம் வரி பிடிப்பார்கள், இருந்தால் பத்து என்றார். அது உண்மைதான். எங்கள் வீட்டில் கேஸ் இணைப்பு, கரண்ட் பில், வாடகை ஒப்பந்தம் எல்லாமே அப்பா பெயரில் இருந்தன. அதோடு இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு மோல்டிங் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். இயந்திர உதிரிப் பாகங்களின் பழைய காகித வரைபடங்களைக் கணினியில் திரும்ப வரைவது எங்கள் வேலை. கல்லூரி விட்டதும் போவோம், சனிக்கிழமை முழுநாளும் இருப்போம். கீழே மிஷின் ஓடும்போது மேலே மேஜை நடுங்கும். மாதம் எட்டாயிரம். அதில் எண்ணூறு வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியை வங்கியில் போடுவார்கள். எங்கள் வருமானம் வரி கட்டும் அளவுக்கு வராது, அதனால் வருஷம் முடிந்து கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்தது முழுக்கத் திரும்ப வரும் என்று எங்களுக்குத் தெரியும். என் லேப்டாப் ஒரு பெரிய வரைபடத்தைத் திறந்தாலே திணறி நின்றுவிடும். வரப்போகிற பணத்தில் அதைச் சரிசெய்து கடைசி வருஷ புராஜெக்டை முடிப்பது என் திட்டம்.

ஜூலையில் ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது பையன்களில் ஒருவன் போனைத் தூக்கிக்கொண்டு குதித்தான். "மச்சான், ரீஃபண்ட் வந்துட்ச்சி! பைசா குறையாம வந்துட்ச்சி!" என்னைப் பார்த்து, "உனுக்கு?" என்றான்.

நான் அப்போதுதான் பான் நம்பருக்கு விண்ணப்பித்தேன். ஆதார் எண், போனுக்கு வந்த ஒரு கடவு எண், அவ்வளவுதான். காசு கேட்கவில்லை. டிபன் பாக்ஸில் தயிர்சாதம் தீர்வதற்குள் நம்பர் வந்துவிட்டது. கல்யாணம் ஆனாலும் அந்த எண் மாறாது, அட்டையில் அப்பா பெயர் அப்படியே இருக்கும் என்றும் அன்றுதான் படித்தேன். அதாவது கணக்காளர் சொன்ன காரணம் காரணமே இல்லை. வருமான வரித் தளத்தில், நம் பெயரில் யார் எவ்வளவு வரி கட்டினார்கள் என்று காட்டும் ஒரு பக்கம் உண்டு. அதில் என் பெயருக்கு எதிரே ஒன்றுமே இல்லை.

நேராகக் கணக்காளரிடம் போனேன்.

"சார், என் பேர்ல எதுவும் இல்ல."

"அப்பா பேர்ல இருக்கும்மா, பத்திரமா இருக்கு. அவர் தாக்கல் பண்ணா அவருக்கு வரப்போகுது. இந்தப் பாக்கெட்ல இல்லாம அந்தப் பாக்கெட்ல. அவ்ளோதானே?"

"எந்தப் பாக்கெட் சார்? என் சுடிதார்ல பாக்கெட்டே கிடையாது."

பையன்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா திருமழிசையில் ஒரு கம்பெனியில் லேத் மிஷின் ஓட்டுகிறார். வீட்டுக்குப் போய் அவருடைய வருமான வரிக் கணக்கைத் திறந்து காட்டினேன். எங்கள் அலுவலகத்துக்குச் செய்த தொழில்நுட்பச் சேவைக்காக அவர் ஒரு வருஷம் கட்டணம் வாங்கியதாக அதில் இருந்தது.

"இன்னாது, நானா?" என்றார். "ஃபோர்மேன் கேட்டா வுயுந்து வுயுந்து சிரிப்பான்."

"சிரிக்காதீங்கப்பா. என் பணம் அது."

"எனுக்கு வந்தா இன்னா, உனுக்கு வந்தா இன்னா? ஒரே ஊடுதானே."

கணக்காளர் சொன்னதையேதான் இவரும் சொன்னார். "உங்க சம்பளத்தை எதிர்வீட்டு மாமா பேர்ல போட்டா ஒத்துப்பீங்களா? ஒரே பில்டிங்தானே?" என்றேன்.

"அவனா? குட்ச்சே தீர்த்துடுவான்" என்றார். ஆனால் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

கம்பெனி ஒரு திருத்தக் கணக்கு போட்டால் போதும், வரி என் நம்பருக்கு மாறிவிடும் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். மறுபடி கணக்காளரிடம் போனபோது, அதற்கு அப்பாவிடமிருந்து கடிதம் வேண்டும் என்றார். வாசகத்தையும் அவரே சொன்னார்: "மேற்படி தொகை என்னுடைய வருமானம் அல்ல, நான் அதைச் சம்பாதிக்கவில்லை." நானும் அப்படியே அடித்து, கரையான்சாவடியில் ஒரு கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அப்பா ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். பேனாவைத் திறந்தவர் மூடிவிட்டார்.

"நான் சம்பாரிக்கலைன்னு நானே எய்திக் குடுக்கணுமா?"

அந்த மாதம் அவர் கம்பெனியில் ஓவர்டைமை நிறுத்தியிருந்தார்கள். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. அப்பா மேல் இல்லை. தப்பு செய்தது கணக்காளர். அதைச் சரிசெய்ய, தப்பே செய்யாத ஒரு மனிதர் தன்னைக் குறைத்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். மறுநாள் புதிதாக அடித்ததில் ஒரே வரிதான்: "மேற்படி வேலையைச் செய்து தொகையைச் சம்பாதித்தவர் என் மகள்."

"இத்த மொதல்லயே எய்தியிருக்கலாமே" என்று கையெழுத்துப் போட்டார். கீழே, யாரும் கேட்காமலே, லேத் ஆபரேட்டர் என்று எழுதினார்.

கடிதத்தைப் பார்த்துக் கணக்காளர் இழுத்தார். "அப்பாவை ஒரு தடவை நேர்ல கூட்டிட்டு வந்தா நல்லாருக்கும்."

"பசங்களோட அப்பாங்க வந்தாங்களா சார்?"

அவர் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். திருத்தக் கணக்கு போட்டார். உடனே இல்லை, நான் தினமும் அவர் மேஜை முன்னால் போய் நின்ற பிறகு. வரி என் பெயரில் ஏறியபோது தாக்கல் செய்யக் கடைசித் தேதி தாண்டியிருந்தது. என் வருமானத்துக்கு அபராதம் கிடையாது என்பதைச் சரிபார்த்துக்கொண்டு தாமதமாகத் தாக்கல் செய்தேன். பணம் என் கணக்குக்கு வந்தது.

"ஸ்வீட் எங்கம்மா?" என்றார் கணக்காளர்.

"எதுக்கு சார்?"

"பணம் வந்துச்சில்ல!"

"என் பணம் சார் அது" என்று சொல்லிவிட்டு இடத்துக்குப் போனேன். திமிர் என்று அவர் பக்கத்து மேஜையில் சொன்னது கேட்டது.

என் வகுப்புத் தோழி தன் பணத்தைக் கடைசிவரை கேட்கவில்லை. நான் கடிதத்தின் நகலைக்கூட அவளுக்கு அனுப்பினேன். "அப்பாகிட்ட இத நீட்டினா, நீ வேலைக்கே போவ வேணாம்னு சொல்லிடுவாருடி" என்றாள். ஒன்பதாயிரத்துச் சொச்சமா, வேலையா என்றால் அவள் வேலையைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். அதனால் அவள் ஒரு வருஷம் வரைந்தது அனைத்தும் இன்றுவரை, ஆவடியில் காய்கறிக் கடை வைத்திருக்கும் அவள் அப்பா செய்த தொழில்நுட்பச் சேவையாகவே பதிவாகி இருக்கிறது. எங்கள் ஐந்து பேரில் அவள் வரைபடம் மட்டும் ஒன்றுகூடத் திருத்தத்துக்குத் திரும்பி வந்ததில்லை.