மனாங் கொரிங் சொன்ன எண்பத்தொன்று

பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரில் எங்கள் நர்சிங் கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கொரிங்குக்குக் கணக்கில் பிழை வந்ததே இல்லை. அக்கா முறை வைத்து எல்லோரும் அவரை மனாங் என்பார்கள். வகுப்புத் தேர்வுகளுக்கும் செய்முறைக்கும் சேர்த்து அறுபது சதவீதம், இறுதித் தேர்வுக்கு நாற்பது என்று பிள்ளைகள் மதிப்பெண்ணை நீட்டினால், கெட்டுப்போன நகலின் பின்பக்கத்தில் பெருக்கிக் கூட்டி, தேற இன்னும் எவ்வளவு வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். இலவசம்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. ஒருவனுக்கு நூற்றுக்கு நூற்றுப் பதினொன்று தேவைப்பட்டது. நூற்றுப் பத்தை வாங்கிக்கொண்டு வா, மிச்சம் ஒன்றை நான் போடுகிறேன் என்றார். வரிசையே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டு, சுவரோரம் போய் நின்று அழுதான்.

நான் அந்தக் கல்லூரியில் குமாஸ்தா. எந்த அறிவிப்பையும் ஒட்டுவதற்கு முன் அவர் கடையில்தான் நகலெடுப்பேன். அந்த வெள்ளிக்கிழமை கொண்டுபோனது உயிர்வேதியியல் பாடத்துக்கானது. இறுதித் தேர்வில் எடுப்பதைப் பாதியாக்கி, அதோடு ஐம்பதைக் கூட்டிக் கணக்கில் வைப்பார்களாம். திங்கட்கிழமை ஒட்ட வேண்டும். மற்ற நாளாக இருந்தால் நான் படியிறங்குமுன் மனாங் ஊருக்கே சொல்லியிருப்பார். அன்று படித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

நகல் விழுந்துகொண்டிருக்கும்போதே பெனில்டா வந்தாள். டிரைசிக்கிள் என்ற மூன்று சக்கர வாடகை வண்டி ஓட்டுபவரின் மகள், நகராட்சி உதவித்தொகையில் படித்தாள். இந்தப் பாடத்தில் தோற்றால் உதவித்தொகை போய்விடும். பாடத்தை விட்டுவிட்டால் உதவித்தொகை தப்பும், ஆனால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். விடுவதற்கு அன்றுதான் கடைசி நாள். வகுப்புத் தேர்வும் செய்முறையும் சேர்த்து அவள் மதிப்பெண் எழுபத்தொன்று. தேற எழுபத்தைந்து.

மனாங் எண்பத்தொன்று என்று எழுதினார். "இதுவரைக்கும் பரீட்சையில அதிகமா எவ்வளவும்மா எடுத்திருக்க?"

"அறுபத்தி நாலு, மனாங்."

"அப்போ நீயே பாத்துக்கோ."

மனாங்கின் இடது கை அறிவிப்பின் மேல் இருந்தது. புதிய விதிப்படி அவளுக்கு அறுபத்திரண்டு போதும். நானும் மனக்கணக்குப் போட்டுவிட்டேன். மருத்துவமனைப் பயிற்சிக்கு நாற்பது இடம், பெனில்டா அந்த நாற்பதில் ஒருத்தி, அதே வகுப்பில் படிக்கும் மனாங்கின் மகள் மைலீன் நாற்பத்தொன்றாவது ஆள் என்பதும் எனக்குத் தெரியும். திங்கள்வரை வெளியே சொல்லக்கூடாது என்பது மேலதிகாரி உத்தரவு. அதற்கு முன் ஒருநாளும் நான் அதை மதித்ததில்லை. அன்று மதித்தேன்.

பெனில்டா அந்த மேசையிலேயே பாடத்தை விடும் படிவத்தை நிரப்பினாள். மனாங் பேனா கொடுத்தார்.

திங்கட்கிழமை அறிவிப்பைப் பார்த்தவள் தன் நேரத்தைத்தான் நொந்துகொண்டாள். மைலீனுக்கு இடம் கிடைத்தது. ஒரு வருடம் சும்மா உட்காரவைத்துச் சோறு போட பெனில்டாவின் வீட்டுக்குத் தெம்பில்லை. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல், அன்று ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று மனாங்கிடம் கேட்டே விட்டேன். அவர் நகலை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "நான் போட்ட கணக்குல தப்பிருக்கா? நீயும் பக்கத்துலதானே நின்ன."

அவர்மேல் எனக்கு ஆத்திரம். என்மேல் அதைவிட அதிகம். ஆனாலும் நகலெடுக்க அங்கேதான் போகிறேன்.

இந்த வருடம் பெனில்டாவின் தங்கை ரோவெனா கல்லூரியில் சேர்ந்தாள். முதல் தேர்வு முடிந்ததும் மதிப்பெண் தாளோடு கடைக்கு வந்து, குவைத் சாக்லேட் டப்பா ஒன்றை மேசையில் வைத்தாள்.

"அக்கா அனுப்புனா, மனாங். மார்க் கணக்குன்னா உங்ககிட்ட மட்டும்தான் கேக்கணும்னு சொல்லிவிட்டா."

மனாங் டப்பாவைத் திறந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு தாளை வாங்கினார். எனக்கும் ஒன்று நீட்டினார். வாங்கித் தின்றேன்.