சத்தம் வந்த பக்கம்

செய்தி புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்தது. நான் கிளினிக்கில் ஊசி டிரேயைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா ஆப்பிரிக்காவுக்குப் போனதிலிருந்து பங்காருபேட்டையிலிருந்து ஒரு சின்ன வயசு டாக்டர் வாரத்தில் மூன்று நாள் வந்து பார்ப்பார். அவருக்காகக் காத்திருந்தார்கள். போன் அடித்தது. ஒரு ஆண் குரல், எல்லாம் இங்கிலீஷ். எனக்கு அதில் "டாக்டர் மல்லிகா" மட்டும்தான் புரிந்தது.

போனைக் கொண்டுபோய்ப் பக்கத்து மெடிக்கல் ஷாப் மஞ்சுநாத்திடம் கொடுத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்தபடி பேச ஆரம்பித்தவர் நடுவில் எழுந்து நின்றார். ஒரு கையால் கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. மஞ்சுநாத் நம்மைப் போலவே தமிழ் பேசுகிறவர். அன்றைக்கு அவருக்குத் தமிழ் வரவில்லை. கன்னடத்தில்தான் சொன்னார். நான் திரும்பி வந்து, இன்றைக்குக் கிளினிக் இல்லை, போங்க என்று எல்லோரையும் அனுப்பிவிட்டு, கழுவின டிரேயையே மறுபடி கழுவினேன்.

முப்பதாம் நாள் கூட்டத்தில் பேசின பெரிய மனிதர்கள் எல்லோரும் டாக்டரம்மாவைப் பயமே தெரியாதவர் என்று சொன்னார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் அது அப்படி இல்லை. நான் அஞ்சாவதோடு நின்றவள், மேடையில் ஏறிப் பேச எனக்கு வராது. அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள், அவரிடம் பேச்சு வாங்கினவர்கள் நீங்கள் எல்லோரும். உங்களுக்குத் தெரியட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நானும் டாக்டரம்மாவும் சுரங்கத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளில், ஒரே லைனில், இரண்டு வீடு தள்ளிப் பிறந்தவர்கள். அவருக்கு நான் நாலு வயசு மூத்தவள். நம் தங்கச் சுரங்கம் ஓடின காலத்தில் ஏர்பிளாஸ்ட் என்றால் என்ன என்று நம் பிள்ளைகளுக்கு இப்போது தெரியாது. பூமிக்குள்ளே பாறை தானாக வெடிக்கும். மேலே வீடு ஆடும், அலமாரியில் இருக்கிற பாத்திரம் உருண்டு விழும். வேறு ஊராக இருந்தால் ஜனங்கள் வெட்டவெளிக்கு ஓடியிருப்பார்கள். நம் பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாப்ட் பக்கம் ஓடுவார்கள். அடுப்பை அணைத்தார்களா, செருப்புப் போட்டார்களா என்பதெல்லாம் கிடையாது. ஆட்களை ஏற்றி வருகிற கூண்டு எப்போது மேலே வரும், அதில் யார் இருப்பார் என்று பார்க்க ஓடுவார்கள். அப்படி ஒரு நாள் எட்டு வயசு மல்லிகா என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தது. முதல் கூண்டில் அவர் அப்பா இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் வந்தார். முகமெல்லாம் தூசு, கண் மட்டும் தெரிந்தது. அன்றையிலிருந்து அந்தப் பெண்ணின் காலில் ஒன்று பதிந்துபோனது. சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் போக வேண்டும், போனால் ஆள் கிடைக்கும்.

அந்த அப்பா பிறகு சுரங்கத் தூசாலேயே இருமி இருமிப் போனார். மகள் டாக்டராகி இங்கேயே கிளினிக் வைத்தார். நான் கட்டுப் போடவும் கூட்டிப் பெருக்கவும் வந்தவள், பதினெட்டு வருஷம் இருந்துவிட்டேன். ஒரு தடவை மரம் அறுக்கிற மெஷினில் கை போன ஒருவரைத் தூக்கி வந்தார்கள். ரத்தத்தைப் பார்த்ததும் நான் அழுதுவிட்டேன். டாக்டரம்மா கட்டு இறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்.

"முதல்ல மூச்சு, அப்புறம் ரத்தம், அதுக்கப்புறம்தான் அழுகை. உன் முறை இன்னும் வரலக்கா."

வலியில் கிடந்த அந்த ஆளே சிரித்துவிட்டார்.

பல தேசத்து அமைதிப்படையோடு டாக்டராகப் போகப்போகிறேன் என்று அவர் முதலில் என்னிடம்தான் சொன்னார். அங்கே காட்டு ஓரத்தில் ஒரு முகாம். சண்டைக்கு நடுவில் மாட்டின ஜனங்களுக்கு அந்த முகாம் ஆஸ்பத்திரிதான் கதி. சண்டையே தங்கக் குழிகளுக்காகத்தான் என்றார். மெஷின் இல்லை, கூண்டு இல்லை, ஜனங்கள் கையாலேயே குழி தோண்டி இறங்குகிறார்கள். செல்போனில் ஒரு படம் காட்டினார். குழியிலிருந்து ஒருவர் தலையை நீட்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் தூசு. நான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவர் போவதற்குத் தடையாக இருந்தது அவர் அம்மா, நம் தனம் அத்தை. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. என் கையால் ஊட்டினால்தான் சாப்பிடுவார். டாக்டரம்மா கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அம்மாவும் கிளினிக்கும்தான் வீடு. அவர் வேலை ஆர்டர் காகிதத்தோடு என் எதிரில் உட்கார்ந்து சொன்னார்.

"அக்கா, நீ அம்மாவப் பாத்துக்கறேன்னா போறேன். வேணாம்னா இந்தக் காகிதத்த இப்பவே கிழிச்சிடறேன். கோவிச்சுக்க மாட்டேன்."

இரண்டு நாள் நான் பதில் சொல்லவில்லை. லைனில் பேச்சு வேறு கிளம்பியது. இங்கே இருமுகிறவன் பத்தாது என்று இந்தம்மா ஆப்பிரிக்காவுக்குத் தேடிப் போகிறாளா என்று தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான். ஆனால் மூன்றாம் நாள் அவர் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொன்னால் கிழித்துப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வேலையைப் பார்ப்பார். அதை என்னால் தினமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. போயிட்டு வாங்க டாக்டரம்மா என்று சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தையைக் குளிப்பாட்டி உட்கார வைத்த பிறகு, பதினொரு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவார். அங்கே போன இரண்டாவது மாசம் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். முகாமுக்கு வெளியே முதல் குண்டு விழுந்ததாம். எல்லோரும் பதுங்குகுழிக்கு ஓட, இவர் மட்டும் சத்தம் வந்த பக்கம் ஓடியிருக்கிறார். ஒரு சிப்பாய் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கொண்டுவந்து தள்ளினானாம். இந்த இந்திய டாக்டருக்கு எவ்வளவு தைரியம் என்று முகாம் பூராவும் பேச்சாம்.

"தைரியமும் இல்ல ஒண்ணும் இல்லக்கா. தரை ஆடிச்சு, கால் ஓடிடுச்சு. ஷாப்டுக்கு ஓடறேன்னு நெனச்சிச்சு போல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னா பேசறீங்க? நம்ம ஊர்ல வெடிக்கறது மறுபடியும் ஆளத் தேடி வராது. அங்க விழற குண்டு தேடி வரும். இனிமே உள்ள ஓடுங்க" என்று திட்டினேன். அத்தையின் தலைமேல் கை வைத்து எனக்கு வாக்குக் கொடுங்கள் என்று, போனை அத்தையின் தலைக்கு நேராகப் பிடித்தேன். அவர் அங்கிருந்து கையை நீட்டினார்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். இந்த வாரம் எந்தப் பக்கம் ஓடினீங்க? அவரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, உள்ள பக்கம்க்கா என்பார். அதைக் கேட்டால்தான் எனக்கு அந்த வாரம் சோறு இறங்கும்.

ஆறாவது மாசம், பேசிக்கொண்டிருக்கும்போதே நடந்தது. படம் குலுங்கியது. சத்தம் பிறகுதான் வந்தது. டாக்டரம்மா எழுந்து நின்றார். அவர் தலை வாசல் பக்கம் திரும்பியது. வெளியே யாரோ கத்துகிற சத்தம் எங்களுக்கே கேட்டது. அந்தக் கால் எங்கே போகப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

"மல்லி, உள்ள போடி" என்று கத்தினேன்.

அவர் டாக்டருக்குப் படிக்கப் போனதிலிருந்து நான் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். போன் மேஜைமேலேயே கிடந்தது. எங்களுக்குத் தெரிந்தது கூரைத் தகரம் மட்டும்தான். நானும் அத்தையும் அந்தத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இன்னும் இரண்டு தடவை தகரம் அதிர்ந்தது. அத்தையின் இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது பிடித்ததுதான், விடவில்லை. முக்கால் மணி நேரம் இருக்கும். அவர் முகம் மறுபடி தெரிந்தபோது நான் கும்பிட்டேன்.

"உள்ள போனேன்க்கா" என்றார். வெளியே ஒரு குழி வெட்டுகிறவர் தொடையில் அடிபட்டுக் கிடந்தார் என்றும், அந்தக் கத்தல் அவருடையதுதான் என்றும், பட்டை கட்டி இறுக்கியிருந்தால் ரத்தம் நின்றிருக்கும் என்றும் சொன்னார். "நாங்க வெளிய வர்றப்ப கத்தல் நின்னு போச்சு." அவ்வளவுதான் சொன்னார். என்மேல் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு எந்தப் பக்கம் ஓடினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மழை, மாத்திரை, கிளினிக்கில் யார் வந்தார்கள் என்றே பேசினோம். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கேள்வி உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் நாக்கு நுனி வரைக்கும் வரும். கேட்டால் இன்னொரு ஆளின் கத்தல் நின்றுபோகுமோ என்று பயம். கேட்காவிட்டால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். எட்டு ஞாயிறு அப்படிப் போனது. ஒன்பதாவது ஞாயிறு வரவில்லை, புதன்கிழமை வந்துவிட்டது.

பெட்டி பெங்களூரு வழியாக வந்தது, கொடி போர்த்தியிருந்தது. நம் ஊர் கோரமண்டல் ஸ்டேஷன் வரைக்கும் ஜனம் நின்றது உங்களுக்கே தெரியும். எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. வாக்கை நான்தான் வாங்கினேன், அதை ஞாபகப்படுத்தாமல் விட்டவளும் நான்தான். கடைசியில் கால் பழக்கத்தில் ஓடிவிட்டதா? நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தக் கால் நின்றிருக்குமா? காரியம் முடிந்து பத்து நாள் ஆகியும் அதுதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

போன வாரம் லிஸ்ஸி என்ற பெண் கூப்பிட்டாள். கேரளாக்காரி, அங்கே டாக்டரம்மாவோடு வேலை பார்த்த நர்ஸ். மலையாளத்தோடு கொஞ்சம் தமிழ் கலந்து பேசினாள். நான் ஸ்பீக்கரில் போட்டு அத்தையின் பக்கத்தில் வைத்தேன். அன்றைக்கு வைத்தியத்துக்காக வரிசையில் நின்ற ஜனங்கள்மேலேயே குண்டு விழுந்ததாம். டாக்டரம்மா மற்றவர்களோடு பதுங்குகுழிக்குள்தான் போயிருக்கிறார். உட்கார்ந்துகூட விட்டாராம். பிறகு வெளியே கத்தல் கேட்டிருக்கிறது. எழுந்து வாசலுக்குப் போனார் என்றாள் லிஸ்ஸி.

நான் அவளை நிறுத்தினேன். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லும்மா. ஓடினாங்களா?"

"இல்ல சேச்சி. வாசல்ல நின்னாங்க. கை நடுங்குச்சு, நான் கண்டேன். ஹெல்மெட் வாரை இறுக்கினாங்க. ரத்தம் நிறுத்தற பட்டை ரெண்டு எடுத்தாங்க. முந்நூறு வரைக்கும் எண்ணிட்டு ஸ்ட்ரெச்சரோட வா லிஸ்ஸின்னு சொன்னாங்க. பின்ன நடந்து போனாங்க."

இரண்டு பேருக்குக் கட்டியிருக்கிறார். ஒருத்தி குழி வெட்டுகிறவர்களுக்கு டீ விற்கிறவள், இன்னொருவர் ஒரு கிழவர். இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். மூன்றாவது ஆளிடம் போகும்போது அடுத்த குண்டு விழுந்தது. லிஸ்ஸி இருநூற்று எண்பதுவரைக்கும்தான் எண்ணியிருந்தாளாம். சொல்லும்போது அவள் அழுதாள்.

போனை வைத்த பிறகு அத்தையிடம், "ஓடலையாம் அத்த. நின்னு, பாத்து, நடந்துதான் போச்சாம் உன் பொண்ணு" என்றேன். செய்தி வந்த நாளிலிருந்து அத்தை அழவே இல்லை. ஷாப்ட் வாசலில் நின்று பழகினவர், கூண்டு வரும்வரைக்கும் அழக்கூடாது என்று இருந்தாரோ என்னவோ. அன்றைக்குத்தான் அழுதார். நானும் அழுதேன்.

நான் கேட்டிருக்க வேண்டுமா, கூடாதா என்று எனக்கு இன்னும் தெரியாது. அது என்னோடு இருக்கட்டும். பயமே தெரியாதவர் என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். முதல் தடவை அவரைக் கூட்டிப்போனது கால். கடைசித் தடவை காலை அவர்தான் கூட்டிப்போனார், கை நடுங்க. அவர் விட்டுப்போனதில் வாட்ச், ஸ்டெதாஸ்கோப் எல்லாம் அத்தையின் பெட்டியில் இருக்கிறது. எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது, அந்த வாசலில் அவர் நின்ற கொஞ்ச நேரம்.