சிவப்பில் நான்கு, மஞ்சளில் ஒன்றுமில்லை

தந்தா நகரத்து மருத்துவமனையில் ராவியாவும் நானும் பதினோரு வருடம் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்தோம். நோயாளியின் சிறுநீரில் உதிர்ந்து வரும் செல்களுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, குரோமோசோம்களைப் புள்ளிகளாக எண்ணுவோம். நல்ல செல்லில் ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு புள்ளி. சிறுநீர்ப்பையில் புற்று கிளம்பினால் சில நிறங்கள் கூடும், சில காணாமல் போகும். எண்ணுவதில் ராவியா மெதுவு. அதற்காகத் திட்டும் வாங்குவாள்.

ஒரு மார்ச் மாதம் பதாவி என்ற நெல் விவசாயியின் சிறுநீர் வந்தது. இரண்டு வருடம் முன்பு அவர் சிறுநீர்ப்பையிலிருந்து ஒரு புற்றுக்கட்டியை எடுத்திருந்தார்கள். அன்று காலை டாக்டர் வஹீப் உள்ளே கேமரா விட்டுப் பார்த்து, சுத்தம் என்று எழுதியிருந்தார். ஆனால் ராவியா பார்த்த பல செல்களில் சிவப்பு நான்கு, பச்சை மூன்று. மஞ்சள் ஒன்றுகூட இல்லை.

"சாயம் சரியா ஏறலயோ என்னவோ" என்றேன்.

"பக்கத்துச் செல்லுல ரெண்டு ரெண்டா இருக்கே. சாயம் ஆள் பாத்தா ஏறும்?"

மறுபடியும் சிறுநீர் வாங்கி எண்ணினாள். அதே கணக்கு. டாக்டரிடம் போய் நின்றாள்.

"கண்ணால பாத்தேன் ராவியா, ஒண்ணுமில்ல. ஆறு மாசம் கழிச்சு வரட்டும்."

"கண்ணுக்குத் தெரியற அளவுக்கு இன்னும் வளரல டாக்டர். மூணு மாசத்துல வரச் சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே மூன்று என்று திருத்தினார்.

ஜூனில் பதாவி வரவில்லை. ராவியா போன் செய்தாள்.

"நாத்து நடுற நேரம் மகளே. வலி இல்ல, ரத்தம் இல்ல. எதுக்கு வரணும்?"

"வலி வந்தா நீங்களே ஓடி வருவீங்க பெரியவரே. அதுக்கு நான் போன் பண்ணணுமா?"

முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கேமராவில் பருப்பளவு முளை ஒன்று தெரிந்தது. சிறுநீர்ப்பையின் உட்சவ்வோடு நின்றிருந்தது, ஆழமாக இறங்கவில்லை. அன்றே சுரண்டி எடுத்து, பிறகு ஆறு வாரம் பைக்குள் மருந்து விட்டார்கள்.

"நான் தப்பா எண்ணியிருக்கணும்னுதான் மூணு மாசமா வேண்டிக்கிட்டேன்" என்று அன்று ராவியா என்னிடம் சொன்னாள்.

நான்கு வருடம் ஆகிறது. பதாவி ஒவ்வொரு சோதனைக்கும் தவறாமல் வருகிறார், புள்ளிகளெல்லாம் இரண்டிரண்டுதான். போன முறை மனைவி சுட்ட நெய்ரொட்டி ஒரு கூடை கொண்டுவந்தார். பெரிய துண்டை டாக்டர் வஹீப் எடுத்துக்கொண்டார்.