நாகப்பன் டிராவல்ஸ், உரிமையாளர் செங்கமலம்

சென்னையை அடுத்த ஒரகடத்தில் தொழிற்சாலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்களில் மூன்று என் அண்ணி செங்கமலத்தினுடையவை. முன் கண்ணாடியில் இன்றும் ‘நாகப்பன் டிராவல்ஸ்’ என்றுதான் எழுதியிருக்கும். நாகப்பன் என் அண்ணன். மாரடைப்பில் போய் நான்காவது வருடம் நடக்கிறது.

வண்டிகளை வாங்கியதும் அங்குள்ள கம்பெனி ஒன்றில் பேசி ஒப்பந்தம் பிடித்ததும் அண்ணன்தான். ஆனால் பிள்ளைப்பாக்கத்தில் ஏறும் பெண்களில் யாருக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட், வல்லம் வடகால் விடுதியில் எந்தப் பையனைப் போன் போட்டு எழுப்ப வேண்டும், எந்த டிரைவர் மச்சினிக்கு வளைகாப்பு என்று பொய் சொல்லி லீவு கேட்பான் என்பதெல்லாம் அவர் இருந்தபோதே அண்ணிக்குத்தான் தெரியும்.

அண்ணன் இறந்தபோது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம். பெயர் மாறினால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று டிரைவர் முனிரத்தினம் பயமுறுத்தினார். இந்த மாதம் போகட்டும் என்று அண்ணி சும்மா இருந்தார். அடுத்த மாத பில்லும் அண்ணன் பெயரிலேயே போனது. இருவருக்கும் பொதுவாக இருந்த வங்கிக் கணக்கில் பணம் விழுந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை; ஒப்பந்தமும் பழையபடியே நீண்டது. அண்ணனின் கைபேசிக்கு அண்ணி ரீசார்ஜ் செய்துகொண்டே இருந்தார். கம்பெனியிலிருந்து அதில் கூப்பிட்டால், அவர் வெளியே போயிருக்கிறார், விஷயத்தை என்னிடம் சொல்லுங்கள் என்பார்.

வருமான வரிக் கணக்கு மட்டும் யாரும் தாக்கல் செய்யவில்லை. இந்த வருடம் கம்பெனி ஒரு விதி கொண்டுவந்தது: வண்டி விடுகிறவர்கள் எல்லாரும் கடந்த மூன்று வருட ரிட்டன் நகலைக் கொடுத்தால்தான் ஒப்பந்தம் தொடரும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நானும் அண்ணியோடு கிளம்பினேன். ஒரகடம் கூட்டுரோட்டில், ஒரு மொபைல் கடையின் மாடியில், ரஞ்சனி என்ற வரி ஆலோசகர் இருக்கிறார் என்று சொன்னார்கள்.

ரஞ்சனி கணினியில் அண்ணனின் பான் எண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். “ஓ.டி.பி. அவர் போனுக்குத்தான் வரும். சார் வரலியாக்கா?”

அண்ணி பையிலிருந்து கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். “போன் என்கிட்ட கீது. அவரு இல்லம்மா. நாலாவது வருசம் நடக்குது.”

ரஞ்சனி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். இறந்தவர் உயிரோடு இருப்பதுபோல் தாக்கல் செய்ய மாட்டேன் என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். அண்ணன் இறந்த நாள் வரையிலான கணக்கு அண்ணனுடையது. அதை வாரிசு என்று பதிவு செய்துகொண்டு அண்ணியே தாக்கல் செய்யலாம். அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் அண்ணி தன் பெயரில், தாமதத்துக்கான கூடுதல் வரியோடு காட்ட வேண்டும். கம்பெனி மாதாமாதம் பிடித்த வரியோ அண்ணன் கணக்கில் ஏறியிருக்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் கம்பெனியிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

“சொன்னா வண்டிய நிறுத்திட மாட்டானுங்களா?”

“நிறுத்தினாலும் நிறுத்துவாங்கக்கா. மாட்டாங்கன்னு நான் எப்படி சொல்றது? ஆனா ஒண்ணு சொல்லுங்க, இந்த மூணு வருஷம் வண்டிய நடத்தினது யாரு?”

“அது பாட்டுக்கு ஓடிக்கினு இருந்திச்சு.”

“வண்டி தானா ஓடுமாக்கா? டீசல் யாரு போட்டா? டிரைவருங்களுக்கு சம்பளம் யாரு குடுத்தா?”

“நான்தான்.”

“அப்போ வருமானம் உங்களுது. ரிட்டனும் உங்களுதுதான்.”

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது நான் கணக்குப் போட்டேன். இருப்பது அந்த ஒரே கம்பெனி. அது போனால் மூன்று வண்டியும் வாசலில் நிற்கும். வேறு ஆலோசகரைப் பார்க்கலாமே என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் காத்திருந்த முனிரத்தினமும் அதையேதான் சொன்னார். கேள்வி கேட்காமல் முடித்துக் கொடுக்கிற ஆள் ஒருவனைத் தனக்குத் தெரியுமாம். ஓ.டி.பி. வாங்கத்தான் அண்ணன் போன் இருக்கிறதே என்றார்.

“நாளைக்கு கம்பெனில அவர நேர்ல வரச் சொன்னா, நீ போயி நாகப்பன்னு நிப்பியா?” என்றார் அண்ணி.

“எனுக்கு அந்த மீசை இல்லியேக்கா.”

அண்ணி சிரித்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “வெளிய போய்க்கிறாரு, வெளிய போய்க்கிறாருன்னு எத்தினி நாளைக்கிம்மா சொல்றது?” என்றார்.

மறுநாள் கம்பெனிக்குப் போனோம். போக்குவரத்தைக் கவனிக்கும் சக்திகுமார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அண்ணி எல்லாவற்றையும் அவரிடம் சொல்லி முடித்தார்.

“அப்ப இத்தன நாளும் நாகப்பன் அண்ணாச்சின்னு நெனச்சி நான் மெசேஜ் அனுப்புனது உங்களுக்காக்கா?”

“ஆமாம்பா.”

“தெனமும் குட் மார்னிங் வேற போட்டீங்களே.”

“நீ போட்ட. பதிலுக்குப் போடலன்னா நல்லா இருக்குமா?”

சக்திகுமார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இனி இதை மறைக்கத் தன்னால் முடியாது, மேலே சொல்லியாக வேண்டும் என்றார். வரியை மாற்றுவதற்கு வேண்டியதைக் கணக்குப் பிரிவில் பேசித் தருவதாகவும் ஒப்புக்கொண்டார். “பழைய ஒப்பந்தம் செல்லாதுக்கா. புதுசா உங்க பேர்ல கேளுங்க. ஆனா மத்தவங்களோடதான் நிக்கணும். கெடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்.”

ரஞ்சனி அந்த மாதம் முழுக்க இதிலேயே இருந்தார். டீசல் பில், டயர் பில் என்று அண்ணி ஒவ்வொன்றாக மாடிக்குச் சுமந்தார். தொழிலின் பெயர் என்ன போடட்டும் என்று கேட்டபோது, நாகப்பன் டிராவல்ஸ் என்றே இருக்கட்டும் என்றார் அண்ணி. உரிமையாளர் என்ற இடத்தில் ரஞ்சனி கேட்காமலே செங்கமலம் என்று தட்டினார்.

நான் வெளிநாடு திரும்பிய பிறகுதான் ஒப்பந்தம் முடிவானது. இரண்டு வண்டிகளுக்கு அண்ணி பெயரில் கிடைத்தது. பிள்ளைப்பாக்கம் ரூட்டைக் குறைந்த வாடகை கேட்ட வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது வண்டி நிற்கிறது என்று முனிரத்தினம் போனில் புலம்பியதும் பதறிப்போய் அண்ணியைக் கூப்பிட்டேன்.

வல்லம் வடகாலில் இன்னொரு கம்பெனியில் கேட்டிருப்பதாகச் சொன்னார். அங்கேயும் முதலில் மூன்று வருட ரிட்டனைத்தான் கேட்டார்களாம்.

“இன்னா சொன்னீங்க அண்ணி?”

“சொல்றதுக்கு இன்னா கீது? எடுத்துக் குடுத்தேன். யார் பேருன்னு கேட்டான். என் பேருதான்னேன்.”

வேலை கிடைக்குமா என்று கேட்டேன். தெரியாது, வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, ஷிப்ட் விடுகிற நேரம் என்று போனை வைத்துவிட்டார்.